ஆறு கொம்பு வச்ச பெட்டி

வாங்க மருமவனே, உக்காருங்க. புது வைஃபை பெட்டி வாங்கப் போறீகளாம்லா? எந்தங்கச்சி போன்ல சொன்னா. 10,000 ரூபாயாம், தலையில ஆறு கொம்பாம், நெத்தியில 5400-னு எழுதியிருக்காம். ரொம்பச் சந்தோசம். நம்ம குடும்பத்துல இம்புட்டுப் பெரிய நம்பர இதுக்கு முன்னால கரண்டு பில்லுலதான் பாத்திருக்கோம். ஆறு கொம்பையும் விரிச்சு முன் வாசலுக்கு நேரா வச்சீகன்னா, கடன் கேட்டு வாறவன்கூட கும்பிட்டுட்டுத் திரும்பிப் போயிருவான். மரியாதை இத்தோட போதும், இனி மாமனாப் பேசுதேன்.

ஏல, உன் பிளான் எவ்வளவு? நூறுதான? கம்பெனிக்காரன் உன் வீட்டுச் சுவத்துல ஓட்டை போட்டு உள்ள விட்டிருக்க ஃபைபர்ல வாறது 100 எம்பிபிஎஸ். 5400 பெட்டிய அதுல மாட்டுனா அந்த நூறு வெக்கப்பட்டு வளந்துருமா? கம்மாய் மடையில தண்ணி ஒரு சாண் அகலத்துக்கு வருது. நீ உன் வயலுக்கு முன்னால மட்டும் வாய்க்கால ஆத்தகலத்துக்கு வெட்டி, சிமெண்டும் பூசி, வரப்புல நின்னு மீசைய முறுக்குத. மடைக்குடும்பன் அதப் பாத்துட்டுச் சிரிக்காம என்ன செய்வான்?

அந்த 5400 எங்கன இருந்து வந்துச்சுன்னு கடையில கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. கொம்ப எண்ணிக்கிட்டு நின்னுருப்ப. பெட்டிக்குள்ள இருக்கது ரெண்டு ரேடியோ. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுறதுக்கு 574, 5 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுறதுக்கு 4804. கூட்டு. 5378 வருதா? அதத்தான் கொஞ்சம் தட்டிக் கொட்டி 5400-னு எழுதி வச்சிருக்கான். 1200-னு போட்ட பெட்டியும் இதே கணக்குதான், 300-உம் 867-உம். உன் போனு ரெண்டு ரேடியோவுல ஒண்ணோடதான் பேசும். அந்த 4804-ம் முழுசா வேணும்னா பெட்டியில நாலு ஆண்டெனா இருந்தாப் பத்தாது, போனுக்குள்ளயும் நாலு இருக்கணும். உன் போன்ல உள்ளது ரெண்டு. சல்லிசா வாங்குன போன்ல ஒண்ணே ஒண்ணு. உங்க அத்தை வச்சிருக்காளே, அதுல 5 கிகாஹெர்ட்ஸே கிடையாது. அவகிட்ட சொல்லிராத. அவளுக்கு அந்தக் கொற தெரியாது, நிம்மதியா இருக்கா.

அதுலயும் வைஃபையில ஒரு சேனல்ல ஒரு ஆளு பேசும்போது மத்தவன் வாய மூடிக்கிட்டுக் கெடக்கணும். பேசுனது போய்ச் சேந்துச்சுன்னு பதிலும் வரணும். இந்த நேரமெல்லாம் கழிச்சுப் பாத்தா, எழுதுன நம்பர்ல பாதி கைக்கு வந்தாலே பெரிய காரியம். கல்யாண மண்டபத்துல 1,000 பேரு உக்காரலாம்னு போர்டு வச்சிருப்பாம்லா, பந்தியில எத்தன எலை விழுந்துச்சுன்னு போய்ப் பாத்தவனுக்குத்தான் தெரியும்.

எனக்கு என்ன தெரியும்னு பாக்க. டெலிபோன் டிபார்ட்மெண்டுல லைன்மேன் வேல பாத்துக் கைகாச்சுப் போனவம்ல நான். கோயில்பட்டியச் சுத்தி எந்தப் போஸ்ட்டுல ஏறுனா எந்த டிபி பெட்டிக்குள்ள குளவி கூடு கட்டியிருக்கும்னு இன்னைக்கும் சொல்லுவேன். இந்தியாவுல 1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி இண்டர்நெட்டப் பொதுசனத்துக்குத் தொறந்து விட்டாக. அப்ப மோடம் கூவும், கத்தும், பெறகுதான் லைன் சேரும். 2005 சனவரியில நாங்க பிராட்பேண்டு குடுக்க ஆரம்பிச்சப்ப 256 கேபிபிஎஸ். உன்னோட நூறுல நானூத்துல ஒரு பங்கு. அதுக்கே தெருவுல மேளம் அடிக்காத கொறதான். செம்பு வயரு எக்ஸ்சேஞ்சுல இருந்து நாலஞ்சு கிலோமீட்டர் தாண்டிட்டா அதுவும் மூச்சு விடாது. அப்ப 256 வந்தாலே பிராட்பேண்டு. பெறகு அத 512 ஆக்குனாக. 2023-லதான் குறஞ்சது 2 எம்பிபிஎஸ் இருக்கணும்னு சர்க்கார் மாத்துச்சு. அந்தக் கணக்குப்படி உன் வீட்டுக்குள்ள அம்பது வீட்டுக்கான பிராட்பேண்டு ஓடுது. ஆனாலும் உனக்குப் பத்தல.

என்னத்துக்குப் பத்தலன்னு உக்காந்து யோசிச்சியா? எந்தங்கச்சி டிவியில பாக்குற சீரியல் 4கே-னே வச்சுக்கிடுவோம். படம் போடுற கம்பெனிக்காரனே 15 எம்பிபிஎஸ் இருந்தாப் போதும்ங்கான். சாதா எச்டிக்கு 5. நீ சட்டைய மட்டும் மாட்டிக்கிட்டு, கீழ கைலியோட மீட்டிங்ல உக்காருதியே, அதுக்கு நாலு இருந்தாக் கூடுதல். பேரன் ஓயாம விளையாடுற கேமுக்கு ஒண்ணுகூட வேண்டாம். அதுக்கு வேணும்ங்கிறது வெரசாப் போய் வெரசாத் திரும்புற பதிலு. பிங்குனு சொல்லிக்கிட்டுத் திரியுதான்லா, அது. எல்லாரும் ஒரே நேரத்துல உக்காந்தாலும் உன் நூறுல பாதி சும்மா கெடக்கும். அப்பவும் படம் சுத்திக்கிட்டே நிக்குன்னா, வாற வேகம் வீட்டுக்குள்ளதான் எங்கயோ செத்துக்கிட்டு இருக்கு.

இன்னொண்ணு. டவுன்லோடு போடும்போது 12-னு காட்டுதேன்னு அந்தக் கம்பெனிப் பையனப் போட்டு அந்தப் பாடு படுத்துனியாம்ல? மிச்சம் 88-ஐ எவன் தின்னான்னு கேட்டியாம். கோட்டிக்காரப் பயலே, நூறுங்கிறது பிட்டுக் கணக்கு. எட்டு பிட்டு சேந்தா ஒரு பைட்டு. எட்டால வகுத்துப் பாரு, 12.5. அன்னைக்கு உன் லைன் அம்சமா ஓடியிருக்கு. அவன் பாவம், சரியா இருந்த லைனச் சரி பண்ணி முடிச்சுட்டதாச் சொல்லிட்டுப் போயிட்டான். நீயும் இப்பப் பரவாயில்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்க.

காச எண்ணுறதுக்கு முன்னால ஒரு காரியம் செய்யி. லேப்டாப்பத் தூக்கிக்கிட்டுப் பெட்டிகிட்டப் போ. லேன் வயர ஒரு முனையப் பெட்டியில மாட்டு, மறுமுனைய லேப்டாப்புல மாட்டு. லேப்டாப்புல அந்த ஓட்டையே இல்லன்னா, யூஎஸ்பியில மாட்டுற சின்ன அடாப்டர் இருக்கு, யாருகிட்டயாவது எரவல் வாங்கு. வைஃபைய அணைச்சுட்டு வேகத்த அளந்து பாரு. காலைல அஞ்சு மணிக்கு ஒருக்கா, ராத்திரி ஒம்பது மணிக்கு ஒருக்கா. காலைல நீ எந்திரிக்க மாட்ட, உங்கம்மா கோலம் போட எந்திரிக்கும்போது எழுப்பிவிடச் சொல்லு.

வயர்லயே 20, 30-னு நொண்டுனா உன் பெட்டிமேல பழி போடாத, கோளாறு பெரும்பாலும் வெளிய இருக்கும். காலைல நல்லா இருந்து ராத்திரி மட்டும் படுத்துச்சுன்னா, கம்பெனிக்காரன் பக்கம் கூட்டம் தாங்கலன்னு அர்த்தம். ஜிபான்-னு சொல்லுத இந்த ஃபைபர்ல ஒரு இழையில கீழ எறங்குறது 2.488 ஜிபிபிஎஸ். அத ஸ்ப்ளிட்டர் வச்சு 32 வீடு, 64 வீடுன்னு பிரிச்சு விடுவாக. அந்த 64 வீட்டுலயும் ராத்திரி ஒம்பது மணிக்கு யாரும் கண்ண மூடிக்கிட்டுத் தியானம் பண்ணல. இதுக்கு நீ ஆறு கொம்பு வாங்குனாலும் அறுபது கொம்பு வாங்குனாலும் ஒண்ணுதான். லைன் அப்பப்ப அறுந்து அறுந்து வந்தா வேற நோக்காடு. ஃபைபர மடக்கி வளச்சா வெளிச்சம் கசிஞ்சிரும். உன் வீட்டுல வந்து மாட்டுனவன் மிச்ச வயரச் சன்னல் ஆணியில நாலு சுத்துச் சுத்தி இறுக்கிக் கட்டிட்டுப் போயிருந்தாம்லா? பவர் மீட்டர் கொண்டாந்து அளக்கச் சொல்லு. மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழ போச்சுன்னா பெட்டி தத்தளிக்கும், சிவப்பு லைட்டு கண்ண முழிக்கும். அவிழ்த்துப் பெருசா வளையம் போட்டுத் தொங்கவிட்டாலே சில வீட்டுல சரியாப் போயிரும். அதுக்குக் காசு கிடையாது. அதனாலதான் எவனும் சொல்ல மாட்டான்.

வயர்ல 94, 95-னு ஜம்முனு வருதா? அப்ப வெளிய கொறயில்ல. ஆனா அந்த நம்பர மனசுல வச்சுக்கோ. நாளைக்கு நீ 300 பிளானுக்கு மாறுன பெறகும் வயர்ல அதே 94-லயே நின்னுச்சுன்னா, ஒண்ணு பெட்டியில உள்ள போர்ட்டு நூறுக்கு மேல போகாத பழைய சாதி, இல்லைன்னா வயரு. லேன் வயருக்குள்ள நாலு ஜோடிக் கம்பி இருக்கும். நூறுக்கு ரெண்டு ஜோடி போதும், ஆயிரத்துக்கு நாலு ஜோடியும் வேணும். எலி ஒரு கம்பியக் கடிச்சாலும், பின்னு அடிச்சவன் அவசரத்துல ஒண்ண விட்டாலும், பெட்டி ஒரு வார்த்த பேசாம நூறுக்கு எறங்கிக்கிடும். நெட்டே இல்லாமப் போனா நாம தேடிப் பாப்போம். இது ஓடிக்கிட்டேல்லா இருக்கும், அதனால வருசக்கணக்கா யாருக்கும் தெரியாது. முந்நூறுக்குக் காசு கட்டிக்கிட்டு நூறுல குடும்பம் நடத்துற வீடு டவுன்ல எத்தன இருக்குங்க? ஒரு ஆர்ஜே45 பின்னு வாங்கி, கிரிம்பிங் டூல்ல ஒரு அமுக்கு அமுக்குனா முடிஞ்சிச்சு. என்னக் கூப்பிட்டிருந்தா ஒரு காப்பிக்குச் செஞ்சு குடுத்திருப்பேன்.

வயர்ல நூறு, பெட்டிக்குப் பக்கத்துல நின்னா வைஃபையில தொண்ணூறு, மாடி ரூமுக்குப் போனா எட்டு. உன் வீட்டுக் கத இதுவாத்தான் இருக்கும். எப்படித் தெரியும்ங்கியா? பால் காய்ச்சுன அன்னைக்கே பாத்தேன், விசேச வீட்டுல சொல்லவேண்டாம்னு வாய மூடிக்கிட்டேன். வயரு எந்தச் சன்னல் வழியா வந்துச்சோ அந்தச் சன்னலுக்குக் கீழயே மாட்டுனவன் பெட்டிய வச்சுட்டுப் போயிட்டான். நீ அதுக்கு முன்னால இரும்புப் பீரோவக் கொண்டாந்து நிறுத்துன. ஆளுயரக் கண்ணாடி வச்ச பீரோ. இரும்பும் சரி, கண்ணாடிக்குப் பின்னால பூசுன பூச்சும் சரி, அலைய உள்ள விடாது, திருப்பி அடிச்சிரும். தூசி படும்னு எந்தங்கச்சி அது மேல பூப்போட்ட துணி ஒண்ண மூடி வச்சிருக்கா. வேக்காட்டுல பெட்டி கொதிக்கும், சூடு தாங்காம நின்னு நின்னு எந்திரிக்கும். நீ நல்லாக் கேட்டுக்கோ, பீரோவுக்குப் பின்னால இருக்க சுவத்துக்குத்தான் இப்பம் நம்ம தெருவுலயே நல்ல சிக்னல்.

2.4 கிகாஹெர்ட்ஸ் சுவத்தத் தாண்டும், ஆனா வேகம் கம்மி. ஒண்ணோடொண்ணு இடிக்காத சேனல் மூணே மூணுதான், 1, 6, 11. அக்கம்பக்கத்து வீட்டுப் பெட்டி அத்தனையும் அந்த மூணுக்குள்ளதான் அடிச்சுக்கிடணும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலையிலதான் சோத்தச் சூடு பண்ணுது. 5 கிகாஹெர்ட்ஸ் வெரசாப் போகும், ஒரு ஒம்போது இஞ்சு செங்கச் சுவத்தப் பாத்தா மொகத்தச் சுழிக்கும், ரெண்டாவது சுவத்துல படுத்துரும். அதுல எடம் மட்டும் தாராளம். 2018-ல நம்ம சர்க்கார் 605 மெகாஹெர்ட்ஸ லைசென்சு இல்லாம யாரு வேணாலும் பொழங்கிக்கோன்னு தொறந்து விட்டுருச்சு. உன் பெட்டி ரெண்டு பேரு காட்டுதுல்லா, ஒண்ணு கடைசியில 5ஜின்னு முடியும், அதுக்கும் செல்போன் 5ஜிக்கும் ஒரு ஒட்டும் கிடையாது. அதுக்காக உங்கப்பன் புது சிம் வாங்கிட்டு வந்த கத ஊருக்கே தெரியும், நான் வேற சொல்லணுமா?

ஆகக்கூடி, புதுப்பெட்டியே வாங்கக் கூடாதுன்னு நான் சத்தியம் பண்ணல. உன் பழைய பெட்டி 2.4 மட்டும் உள்ளதுன்னா பக்கத்துல நின்னாலே 40, 50-ல முக்கும், அத மாத்தத்தான் வேணும். போர்ட்டு நூறுல நிக்கி, பிளான் முந்நூறுன்னா, மாத்து. பெட்டி செஞ்சவன் அப்டேட்டு அனுப்புறத நிறுத்தி வருசக்கணக்காச்சுன்னா, வேகம் நல்லா இருந்தாலும் மாத்து. ஓட்டை அடைபடாத பெட்டி வழியா எவனும் உள்ள நுழைவான், அதுல உன் பேங்கு ஆப்பும் இருக்கு. கேமரா, டிவி, நாலு போனு, ரெண்டு லேப்டாப்புன்னு எல்லாம் ஒரே நேரத்துல தொங்குற வீட்டுக்கு வைஃபை 6 நல்லதுதான். ஒரு சேனலத் துண்டு துண்டா நறுக்கி நாலஞ்சு ஆளுக்கு ஒரே நேரத்துல பங்கு வைக்கிற வித்தைய அதுல வச்சிருக்கான். ஆனா அதுக்கு ரெண்டு பேண்டு உள்ள நடுத்தரப் பெட்டி போதும், நெத்தியில 5400 வேண்டாம்.

வைஃபை 7 வந்துட்டே மாமான்னு இழுக்க. வந்துட்டு. 2024 சனவரியில முத்திரை குத்திக் குடுக்க ஆரம்பிச்சாக. அதோட பெரும எல்லாம் 6 கிகாஹெர்ட்ஸ்ல 320 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் போறதுலதான். நம்ம நாட்டுல அந்த அலையில 500 மெகாஹெர்ட்ஸத் தொறந்து விட 2025 மே மாசம்தான் வரைவு விதியே போட்டாக. அந்த ஐநூறுக்குள்ள முந்நூத்தி இருபது எத்தன போடலாம்னு நீயே கணக்குப் போடு. அது சுவத்தப் பாத்தா 5 கிகாஹெர்ட்ஸ விடப் பயப்படும். உன் வீட்டுல ரூமுக்கு ரூம் சுவரு. சுவரு இல்லாத வீடு கட்டப்போறியா?

வாங்கத்தான் போறன்னா, முதல்ல கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டு, பழச எடுத்துக்கிட்டு ரெண்டு பேண்டு ஓஎன்டி மாத்திக் குடுப்பியான்னு கேளு. சில பேரு சும்மாவே குடுப்பாக, கேட்டவனுக்கு மட்டும். ஏன்னா, நீ கடையில என்னத்த வாங்குனாலும் ஃபைபர் வந்து சேருற அந்த ஓஎன்டி பெட்டிய மூலையில தூக்கிப் போட முடியாது. அதுல இருந்து வயரு இழுத்துத்தான் புதுசுல மாட்டணும். பழசுல வைஃபைய அணைக்காம விட்டா ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ள ஒண்ண ஒண்ணு இடிச்சுக்கிட்டுக் கெடக்கும். எந்தங்கச்சியும் உன் வீட்டுக்காரியும் ஒரே அடுப்படியில நின்ன மாதிரின்னு சொல்ல வந்தேன், சொல்லல.

மாடிக்குன்னா கேளு. ரிப்பீட்டர்னு ஒண்ணு விக்கான், பிளக்குல சொருகுறது. ஒரே ரேடியோவுல வாங்கி அதே ரேடியோவுலயே திருப்பிக் குடுக்கிற சாதி அது, வேகத்துல பாதிய வழியிலயே முழுங்கிரும். மாடிக்கு ஒரு லேன் வயர இழு. வீடு கட்டும்போதே காலி பைப்பு ஒண்ணு சுவத்துக்குள்ள போட்டு வையின்னு சொன்னேன். எஞ்சினியரப் பாத்துச் சிரிச்ச. இப்பம் வெளிச் சுவத்துல கிளிப்பு அடிச்சுத்தான் கொண்டு போகணும், அடிக்கும்போதும் அதே மாதிரி சிரி. கீழ புதுப் பெட்டி வச்சன்னா, பழச மாடிக்குக் கொண்டு போ. ஐபி நம்பர் பங்கு வைக்கிற டிஎச்சிபிய அதுல அணைச்சிட்டு, கீழ இருக்கதோட மோதாத வேற ஐபி நம்பர் குடுத்து, வயர லேன் போர்ட்டுலயே சொருகு. மாடி முழுக்க நெட்டு ஓடும். கரண்டு போனா என்ன செய்யங்கியா? பெட்டி ஓடுறது பெரும்பாலும் 12 வோல்ட்டுல. அதுக்குன்னே சின்ன யூபிஎஸ் விக்கான், வாங்கி மாட்டு. பழைய அடாப்டர் தளந்துபோயிக்கூடப் பெட்டி நின்னு நின்னு எந்திரிக்கும், அதையும் ஒருக்கா மாத்திப் பாரு. மீட்டிங்ல மேனேசர் திட்டும்போது மட்டும் உனக்கு நெட்டு போகுதே, அதுக்கு யூபிஎஸ் உதவாது, அது வேற கோளாறு.

மொதல்ல அந்தப் பீரோவ நகட்டு. பெட்டியத் துணியில்லாம, வீட்டு நடுவாக்குல, ஆள் உயரத்துக்கு ஒரு பலகை அடிச்சு வையி. ஃபைபர் அவ்வளவு தூரம் எட்டலன்னா கம்பெனிக்காரனக் கூப்பிட்டு நீட்டச் சொல்லு, நீயா இழுத்து ஒடிச்சிராத. பெறகு மாடியில நின்னு அளந்துட்டு எனக்கு நம்பரச் சொல்லு. பீரோ கனக்கும், உள்ள உள்ளத எல்லாம் எறக்கிட்டுத் தள்ளு, உன் மச்சினனையும் கூப்பிட்டுக்கோ. ஞாயித்துக்கெழம வாறேன். எனக்கு இடுப்பு வலி, அதனால நாக்காலியில உக்காந்துக்கிட்டு எங்கன வைக்கணும்னு வழி சொல்லுதேன். மதியத்துக்கு என்ன கொழம்புன்னு மட்டும் எந்தங்கச்சிட்ட கேட்டு வையி.